ஏழு மணிக்கு மாறும் நாடகம்

என் பிரியத்துக்குரிய சடையன் மச்சானுக்கு,

நீங்கள் கண்ணை மூடி நான்கு மாதம் ஆகிறது. அக்கா நன்றாக இருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்கிறாள், நான் நம்பவில்லை. உங்கள் ரேடியோ மட்டும் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. கேழ்வரகு கதிர் பிடித்துவிட்டது, காட்டுப்பன்றி இறங்குகிறது, முறை போட்டுக்கொண்டு பரணில் காவல் இருக்கிறோம். இரவு பத்து மணி நாடகம் ஓடுகிறவரை பன்றி கிட்டே வராது, எங்களுக்கும் கண் சொக்காது. அந்த நாடகத்துக்குத்தான் இப்போது ஆபத்து. காரணம் நான்தான் மச்சான்.

போன வாரம் மத்தியானம் ஒருவன் வந்தான். கால்சட்டை, மூக்குக்கண்ணாடி, தோல்பை. முள்ளுக்குறிச்சியிலிருந்து நடந்தே மலையேறி வந்தானாம். சும்மா இவ்வளவு தூரம் நடக்கிற ஆபீசரை நீங்கள் பார்த்ததுண்டா? பையோடு வருகிறவன் எதையாவது எழுதிக்கொண்டு போவான், அப்புறம் அது நம்மைத் தேடிக்கொண்டு வரும்.

"இங்கே ரேடியோ வச்சிருக்கிறவர் யாரு?" என்றான்.

ரேடியோவுக்கு லைசன்ஸ் வேண்டும் என்று எங்கோ கேட்டிருக்கிறேன். நீங்களோ அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. நான் கண்ணைக் காட்ட, அக்கா உள்ளே போய் ரேடியோவைக் குதிருக்குள் இறக்கினாள்.

"சடையன்னு பேரு. திண்ணனூர் நாடுன்னு எழுதியிருக்கார்."

"அப்படி ஒரு ஆளே இந்தப் பக்கம் இல்லீங்க" என்றேன்.

அவன் பையிலிருந்து ஒரு கட்டு போஸ்ட் கார்டு எடுத்தான். உங்கள் சாய்ந்த கையெழுத்து!

"வானொலி நிலையத்திலிருந்து வர்றேன். ராத்திரி நாடகத்தை ஏழு மணிக்கு மாத்தப் பேச்சு நடக்குது. மாத்தாதீங்கன்னு வாராவாரம் எழுதினது இவர் ஒருத்தர்தான். திடீர்னு கார்டு நின்னுபோச்சு. நேர்ல பார்த்தா எங்க மேலதிகாரிகிட்டச் சொல்ல வசதியா இருக்கும்."

இனிக்க இனிக்கப் பேசினான். அதனாலேயே சந்தேகம் கூடிவிட்டது. ஒரு கார்டுக்காக மலையேறுவார்களா? "நாங்க ரேடியோவே கண்டதில்லீங்க" என்று ஒரே போடாகப் போட்டேன். அக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு அக்கா உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே லைசன்ஸ். உங்கள் பெயரில், இன்னும் கெடு முடியாமல். அதன் அடியில் நிலையத்தார் உங்களுக்குப் போட்ட பதில்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரேடியோ இல்லைன்னது போவுது சாமி. அவரே இல்லைன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

ஏன் மச்சான் எங்களிடம் மறைத்தீர்கள்? மிளகு விற்கப் போகிறேன் என்று இறங்கினதெல்லாம் கார்டு போடத்தானா? சொன்னால் சிரிப்போம் என்று நினைத்தீர்களா? சிரித்திருப்போம்தான்.

நேற்று ரேடியோவிலேயே சொல்லிவிட்டார்கள், வரும் மாதம் முதல் நாடகம் ஏழு மணிக்காம். ஏழு மணிக்கு நாங்கள் அடுப்பங்கரையில் இருப்போம், பன்றி புதரில் இருக்கும். நாடகத்தை முன்னே நகர்த்துகிறவர்கள் நாளைக்கு நிலையத்தையே ஒன்பது மணிக்குப் பூட்டமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? அறிவிப்பாளர் "வணக்கம்" சொன்னால்கூட எனக்கு இப்போது நம்பிக்கை வருவதில்லை.

நாளைக் காலை இறங்குகிறேன். லைசன்ஸை மடியில் முடிந்துகொண்டு, ரேடியோவைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, பஸ் பிடித்து நிலையத்துக்கே போகிறேன். அந்த ஆபீசரைத் தேடிப் பார்த்து, நான் சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்வேன். நாடகத்தை அவர்கள் மாற்றட்டும், மாற்றாமல் போகட்டும். அவர் நோட்டில் நான் எழுதவைத்த வரியை அடித்துவிட்டு, சடையன் என்று ஒருவர் இங்கே இருந்தார் என்று எழுதவைக்காமல் ஊர் திரும்பமாட்டேன்.

உங்களை இல்லை என்று சொன்ன,
உங்கள் மச்சினன்
சின்னான்