அத்தாவின் கால்

12.8.2005, வெள்ளி

சர்க்கரையால் அழுகிப்போன அத்தாவின் வலது காலை நேற்று எடுத்துவிட்டார்கள். இன்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அதை வெள்ளைத் துணியில் சுற்றி, கபர்ஸ்தானில் நானே அடக்கம் செய்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது, பத்து வயதுத் தங்கை நஸ்ரின் தன் மந்திரவாதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவன் காக்காவா மாறினா, வெட்டின காலும் எங்க கெடந்தாலும் காக்கா காலா மாறிடும். அதான் ரூலு. சரியா அத்தா?"

"அப்போ அது எங்க கெடக்குன்னு அவனுக்குத் தெரியணுமே" என்று அத்தா சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ எங்கடா வெச்ச? பக்கத்துல எனக்கு எடம் இருக்கா?"

"இருக்கு அத்தா" என்றேன்.

சுவர் மூலையில், இரண்டு பழைய கபர்களுக்கு நடுவே புதைத்தேன். அங்கே ஒரு குழந்தையைக்கூடப் படுக்கவைக்க முடியாது.