மருந்து வாடை இல்லாத தண்ணீர்

1993, ஐப்பசி. வியாழன், இரவு.

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போடுவதை நிறுத்தச் சொல்லி மனு எழுதியவள் நான் என்று தெருவில் சொல்கிறார்கள். அது பொய். காபி கெடுகிறது, பெருமாளுக்குத் தீர்த்தம் வைக்க முடியவில்லை என்று தெருவே திரண்டு கவுன்சிலரிடம் போனது. அப்போது நான் ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரியில், என் மகள் கோதையின் தலைமாட்டில் இருந்தேன். காலரா என்று டாக்டர் என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார். நகராட்சி இன்றுவரை சாதாரண வயிற்றுப்போக்கு என்கிறது. கோதைக்குக் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இன்று காலை குழாயடியில் எதிர்வீட்டுச் சீனியம்மாள் இடுப்பில் குழந்தையோடு நின்றாள்.

“தண்ணி எம்புட்டு நல்லாயிருக்கு பாருங்க ஆச்சி. மருந்து வாடையே இல்ல.”

“கொதிக்க வைக்காம பிள்ளைக்குக் குடுக்காதே.”

“காலராவே இல்லன்னு மைக்கு வச்சுச் சொல்லிட்டுப் போறாவ. நீங்க கலெக்டருக்கும் மேலயோ?”

சிரித்துக்கொண்டே குழந்தைக்கு ஒரு கை அள்ளிப் புகட்டினாள்.

மாலையில் நானும் ஒரு டம்ளர் பிடித்து முகர்ந்தேன். வாடை இல்லைதான்.

எதிர்வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. குழந்தை வெகுநேரம் அழுதது. இப்போது அழவில்லை. கொதித்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து வைத்திருக்கிறேன். கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவேன். அதற்குள் நாளை நகராட்சிக்குக் கொடுக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஐயா, எங்கள் தெருத் தண்ணீரில் மருந்து போடுவதை நிறுத்திவிட்டீர்களா? எழுத்து மூலம் பதில் தரவும்.