சிப்பின் மூலையில் பாப்பாவின் கால்

அன்புள்ள அத்தைக்கு,

ராத்திரி இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே பயிற்சியில் கணினிச் சிப் வடிவமைக்கும் மென்பொருள் எல்லாம் இலவசம். உள்ளே பிரித்துப் பார்த்து யாரும் திருத்தலாம். அதிலேயே கற்றுக்கொண்டு என் முதல் சிப்பை முடித்துவிட்டேன். மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதில் பாப்பாவின் பாதத்தை வரைந்தேன். சரிபார்க்கும் மென்பொருள் உடனே பிழைகளாகக் கொட்டியது. விரல்களுக்கு நடுவே இடைவெளி போதாதாம்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். “உன் சிப்புல ஒரு தப்பும் இல்லடி. உன் பொண்ணு கால்லதான் அத்தனையும்.”

“என் பொண்ணு காலை ஒண்ணும் சொல்லாத” என்று விரல்களைக் கொஞ்சம் விலக்கினேன். பிழை போய்விட்டது.

பிறகுதான் உறைத்தது. நான் வரைந்தது ஊரிலிருந்து கிளம்பும்போது பார்த்த கால். இதற்குள் கால் வளர்ந்து அவளுக்குச் செருப்பே மாற்றியிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை சிப் ஆலைக்குப் போகிறது. அப்புறம் மாற்ற முடியாது. அவளை ஒரு தாளில் நிற்கவைத்து, காலைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, படமெடுத்து அனுப்புங்கள் அத்தை. கூசும், நெளிவாள், பிடித்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மருமகள்