சூடானில் ஒரு பங்காளி

நெதர்லாந்து

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் ஓரகத்தி அருணா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் நல்லாவே இருக்கேன். நம்ம வூட்டில் டவர் கிடைக்காததால், வேலூர் போகும் தோழியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வாரம் வகுப்பில் ஒரு கூத்து. மனிதரும் பொருளும் நாடு விட்டு நாடு போன வரலாறுதான் எங்கள் பாடம். ஆளுக்கொரு ஊர்ப் பொருள் கொண்டுவரச் சொன்னார்கள். நீங்க கட்டிக்கொடுத்த புளியைக் காட்டி, "இது எங்க ஜவ்வாது மலைக்கே சொந்தமான மரம்" என்றேன். சூடான்காரி ஆம்னா எழுந்து, "இன்னா சொல்ற நீ? அது எங்க மரம்" என்கிற மாதிரி இங்கிலீஷில் பாய்ந்தாள். விடுவேனா? நம்ம பங்காளிகளோடு மரத்துக்குச் சண்டை போடுவோமே, அதே குரலில் நின்றேன். வாத்தியார் சிரித்துவிட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த மரம்தானாம். ஆனா வந்து எத்தனையோ தலைமுறை ஆச்சு, ரெண்டு பேருக்கும் பாத்தியம் உண்டு என்றார். அன்று மாலை அவள் புளியில் சர்க்கரை போட்டு சர்பத் கலக்கினாள், நான் ரசம் வைத்தேன். இரண்டையுமே மிச்சமில்லாமல் குடித்தோம்.

என் பாப்பாவுக்குச் சளி விட்டதா? தலைக்கு ஊத்தினா உடனே துவட்டிடுங்க. என் பழைய புடவையை அவள் படுக்கையில் விரிச்சிடுங்க. போன மாசம் நீங்க டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து போனில் பேசினப்போ, அவள் உங்களை "அம்மா"ன்னு கூப்பிட்டது கேட்டுச்சு. நீங்க பதறிப்போய், "நான் பெரிம்மாடி" என்றீங்க. என்னை மறந்துடுவாளோன்னு அன்னிக்கு அழுதேன். இனிமே திருத்தாதீங்க அக்கா. வாய் நிறைய கூப்பிடட்டும். நான் வந்து நிக்கும்போது உங்க இடுப்பிலிருந்தே என்கிட்ட கையை நீட்டினா போதும்.

தோழி பெட்டியை மூடப் போறாளாம், அவசரப்படுத்துறாள்.

அருணா