சாமி மூலையிலிருந்து நகர்ந்த பானை

சிஸ்டர்,

இன்று காலை, பானைக்குள் பானை வைத்து இடையில் நிரப்பிய மணலில் தண்ணீர் தெளித்தேன். ஈர மண் வாசனை வந்ததும் உங்கள் குரல்தான் கேட்டது. "மண்ணு காயக் கூடாதுடி, மருந்து கெட்டுடும்." ஃப்ரிட்ஜ் இல்லாத எங்கள் வீட்டில் அப்பாவின் இன்சுலின் இன்னும் அந்தப் பானைக்குள்தான் இருக்கிறது.

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். அம்மா இல்லை, அப்பாவுக்குக் கண் மங்கல். வீட்டில் குளுமையான இடம் சாமி மூலை என்று பானையை அங்கே வைத்தோம். மாதத்தில் மூன்று நாள் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்பதை உங்களிடம் சொல்லவில்லை. மருந்தை எடுத்துக் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அவருக்கும் தெரியும். அவரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் ஊசி நின்றுபோகும்.

அப்பாவின் கால் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லார் முன்னாலும் உங்களைக் கேட்டார்: "இன்னா சிஸ்டர், ஒழுங்கா சொல்லிக் குடுத்தீங்களா, இல்ல ரிஜிஸ்டர்ல டிக் போட்டு வந்துட்டீங்களா?" அன்று தடுப்பூசி நாள். உங்கள் தோளில் யாருடைய குழந்தையோ அழுதது, பையில் போன் விடாமல் அடித்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் எங்கள் ஊர் குருவிநத்தம் வரைக்கும் வந்தீர்கள். மதியச் சாப்பாட்டு டப்பா பிரிக்காமல் வண்டியில் தொங்கியது. பின்கட்டில் தனியாகக் கிடந்த என் பாயையும் தட்டையும் பார்த்தீர்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணே, பானைக்கு அங்க காத்து பத்தல. ஜன்னலாண்ட நெழல்ல வெச்சுக்கலாம்" என்று அப்பாவிடம் சொல்லி, நீங்களே தூக்கி வைத்தீர்கள். கிளம்பும்போது என் காதோரம், "எங்க வெப்பீங்கன்னு கேட்டேன், எல்லா நாளும் யாரு எடுப்பான்னு கேக்கல. ஓடுற ஓட்டத்துல என் புத்தி போச்சு பாரு" என்றீர்கள். என் தப்பையும் நீங்களே எடுத்துக்கொண்டு போனீர்கள்.

புண் ஆறியது. அதைக் காட்ட வந்தபோது நீங்கள் காய்ச்சலோடு குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தீர்கள். "லீவு போட்டா யாருடி பாப்பாங்க?" என்று சிரித்தீர்கள். அடுத்த வாரம் நீங்கள் இறந்துபோன செய்திதான் வந்தது.

நேற்று புது சிஸ்டர் எதிர்வீட்டு அக்காவுக்கு அவள் மாமனாரின் ஊசியைச் சொல்லிக்கொடுத்தார். "புரிஞ்சுதா?" அக்கா தலையாட்டினாள். எனக்குத் தெரியும் அந்தத் தலையாட்டல். "மருந்து சாமிரூம்ல இருந்தா, அந்த மூணு நாளும் யாரு எடுப்பாங்க அக்கா?" என்று கேட்டேன். எங்கள் திண்ணையிலிருந்த அப்பா நிச்சயம் காதில் வாங்கியிருப்பார். வானம் இடிந்து விழவில்லை.

அன்று டாக்டர் முன்னால் இவ்வளவுகூடத் தேவையில்லை. "சிஸ்டர் மேல தப்பு இல்ல சார்." அவ்வளவுதான். அது இன்னும் என் வாயிலேயே இருக்கிறது.