கழுத்து தெரிகிற போட்டோ

என் கண்ணுப் பேத்திக்கு,

உன் அண்ணன் டாக்டர் பரீட்சையில் தேறிவிட்டான். உன் தங்கை நீச்சலில் கோப்பை வாங்கிவிட்டாள். நீ வழக்கில் ஜெயித்துவிட்டாய். பக்கத்து வீட்டுக்காரியிடம் மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொன்னேன். முகம் சுளித்தாள், சுளிக்கட்டும்.

உன்னைச் சீரழித்த அந்தப் பாவி போட்ட அப்பீலுக்கு நீ வரவில்லை, நான் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்த உன் போட்டோவை அவன் வக்கீல் தூக்கிக் காட்டினார். உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடி, கழுத்தில் ஐந்து விரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன.

"அவளாகத்தானே அவன் அறைக்குப் போனாள்? கத்தவே இல்லையே? இதெல்லாம் ஆசையில் பட்ட காயம்" என்றார்.

எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லால் அந்த ஆளின் குரல்வளையைக் கடித்துத் துப்பலாமா என்று இருந்தது.

நீதிபதியம்மா நிமிர்ந்தார். "அறைக்குள் போனது அதற்குச் சம்மதம் ஆகாது. கழுத்தை நெரித்தால் ஒருத்தி எப்படி ஐயா கத்துவாள்?" அப்பீலைத் தள்ளிவிட்டார். தண்டனை அப்படியே நிற்கிறது.

அம்மாடி, கண்ணை மூடினால் அந்தப் போட்டோதான் வருகிறது. நீ வீட்டுக்குள்ளும் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறாயாம், உன் அம்மா சொன்னாள். சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த விரல் தடம் மறைந்த கழுத்தை நான் பார்க்கவேண்டும். சால்வையைக் கழற்றிவிட்டு, புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு.

உன் பாட்டி