நீ இறுக்காமல் விட்ட போல்ட்

என் அன்பு மாப்பிள்ளை தாமு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இதற்குள் எழுதியிருக்க வேண்டும், வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோரும் என் தோளைத் தட்டி, அழுதுவிடு பரணி, உள்ளேயே வைத்துக்கொள்ளாதே என்றார்கள். உள்ளே பார்த்தால் எடுத்து வெளியே வைக்க ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருக்கிறது. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், காட்டுப்பாக்கம் சிக்னலில் நிற்கிறேன்.

உன் கார் விஷயமாகத்தான் இந்தக் கடிதம். மேகலா அதை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள், தெரியுமா? கள்ளிக்குப்பம் வீட்டு வாசலில் கவர் போட்டபடியே கிடந்தது. ஆவடிக்கு ஸ்கூல் ஆபீஸ் வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய் அலுத்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி அவளே எடுத்துப் போனாள். என் தங்கைக்கு அவ்வளவு துணிச்சல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

நான்காம் நாள் முன்பக்கம் கடகடவென்று சத்தம். பேட்டரி விளக்கும் எரிந்ததாம். பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து வலது முன்சக்கரத்தைக் கழற்றி, கிராங்க் புல்லியைக் காட்டியிருக்கிறார். எஞ்சினோடு சுற்றி பெல்ட்டை இழுக்கிற அந்தச் சக்கரத்தை ஒரே ஒரு நடு போல்ட்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது கையால் திருகிய அளவிலேயே இருக்கிறது. மாட்டியவருக்குக் கையில் தெம்பு இல்லையா என்று கேட்டிருக்கிறார். அந்த மனுஷன் போகிறபோக்கில் கேட்டதுதான். இவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, அவருக்கு அப்பவே ஒடம்பு முடியாம இருந்துகீது. ஒரு போல்ட்ட முறுக்கக்கூட தெம்பில்ல. எங்கிட்ட மறைச்சிகினாரு. ஒரே ஊட்ல இருந்துகினு நான் பாக்காம உட்டுட்டேன்."

புல்லியை வாங்கி வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை மாட்டித் தருகிறேன் என்றேன். சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. அது என்ன என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், நீயும் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள்தான் வாழ்நாள் முழுக்க, நான் கவனித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பின்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்தேன். இதெல்லாம் எப்போதும் உன் வேலை. நான் உள்ளே உட்கார்ந்து ஐந்தாவது கியரைப் போட்டு பிரேக்கை அழுத்தி மிதிப்பவன். மிதிக்காவிட்டால் போல்ட்டோடு எஞ்சினும் சேர்ந்து சுற்றும், போல்ட் அசையாது. ஆக, இது இரண்டு ஆள் வேலை. முன்பு ஒருமுறை மேகலா மிதித்து, பாதியில் காலை எடுத்து, நீ பிடித்திருந்த பைப் விலகி உன் தாடையில் அடித்தது. அதிலிருந்து பிரேக் டிபார்ட்மெண்ட் மச்சானுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

புல்லியைத் தொடும்போதே ஆடியது. போல்ட் இரண்டு விரலுக்கே கழன்று வந்தது. பெல்ட்டை எடுத்துவிட்டு இழுத்ததும் புல்லியும் கையோடு வந்துவிட்டது. அதை ஷாப்டோடு பூட்டுகிற நகம் அளவு இரும்புத் துண்டு, அந்த கீ, ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. புல்லியின் துளையும் தேய்ந்து அகன்றிருந்தது. ஷாப்டில் மட்டும் லேசான கீறல்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தப்பித்தது.

பிறகு போல்ட்டின் தலையைத் துடைத்துப் பார்த்தேன். எங்கே எதை முறுக்கி முடித்தாலும் மேகலாவின் நெயில் பாலிஷை எடுத்து ஒரு சிவப்புக் கோடு இழுப்பாயே, அது அதில் இல்லை. உன் பைக்கில் இருக்கிறது, மோட்டார் பம்பில் இருக்கிறது, சீலிங் ஃபேனில்கூட இருக்கிறது. நீ மறக்கவும் இல்லை, தெம்பில்லாமல் விடவும் இல்லை. முறுக்கவில்லை என்று தெரிந்தே, ஆள் வரட்டும் என்று வைத்திருந்தாய்.

அந்த ஆள் நான்தான். நீ போவதற்கு முந்தின ஞாயிறு நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் ரப்பர் கிழிந்த பழைய புல்லியைக் கழற்றினோம். புதுசு வர புதன்கிழமை ஆனது. அன்று ஏழு மணிக்குக் கூப்பிட்டாய். மாட்டிட்டேன் மச்சான், வந்து பிரேக்க மிதிச்சிட்டு போ, ரெண்டு நிமிஷ வேலை என்றாய். வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். யாரும் வரவில்லை, தாமு. தூறிக்கொண்டிருந்தது, லுங்கிக்கு மாறியிருந்தேன், அவ்வளவுதான். சரி மச்சான், பாத்துக்கலாம் என்றாய். வெள்ளிக்கிழமை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழவே இல்லை.

மேகலா காபி கொண்டுவந்து படியில் உட்கார்ந்தாள். மாடி ஏறும்போது அவர் மூச்சு வாங்கினாரோ, சோற்றைக் குறைத்தாரோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமை, தூறல், லுங்கி, பொய், கோடு போடாத போல்ட். சொல்லும்போது என் குரல் எனக்கே யாரோ படிப்பது போலக் கேட்டது. அவள் என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப அன்னிக்கி அவருக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். கேள்வியா என்று தெரியவில்லை. புதன்கிழமை போனில் நன்றாகத்தான் சிரித்துப் பேசினான் என்றேன். அவள் எழுந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

புது கீயை வைத்து, புதுப் புல்லியின் துளையை அதற்கு நேராகப் பிடித்துத் தட்டி உட்கார வைத்தேன். பெல்ட்டைப் போட்டேன். போல்ட்டைக் கையால் திருகி, ரெஞ்சில் பைப்பைச் சொருகினேன். ஐந்தாவது கியர், நல்லா மிதி என்றேன். மிதித்தாள். நான் முழு எடையையும் போட்டு இழுத்தேன். எஞ்சின் ஒரு நூல்கூட அசையவில்லை. இறுகிவிட்டது என்று ரெஞ்ச் டக்கென்று சத்தம் கொடுத்த பிறகும் அவள் காலை எடுக்கவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவருக்கு தாடைல அடிபட்டு பதினோரு வருஷம் ஆச்சு. அதுக்கப்பறம் அவரேதான் எனக்கு கார் ஓட்ட கத்துக் குடுத்தாரு. எனக்கு பிரேக் மிதிக்க வராதா? அன்னிக்கி நான் ஊட்லதான் இருந்தேன்."

நான் ரெஞ்சிலிருந்து பைப்பை உருவினேன்.

"பிரேக்குக்கு இல்லண்ணா. உன்ன பாக்கணும்னு கூப்ட்ருக்காரு."

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். காரியத்தன்று அழுததைவிட அதிகமாக, கால் பிரேக்கிலேயே இருக்க. நான் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் பைப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போதும் வரவில்லை. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. வராதது அன்பில்லாமல் இல்லை என்று உனக்காவது தெரியுமா?

இத்தனை வருஷம் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷ வேலை என்றுதான் கூப்பிட்டாய். ஒரு தடவையாவது இரண்டு நிமிஷத்தில் என்னை விட்டிருக்கிறாயா? வேலை முடிந்து டீ, டீக்குப் பிறகு இட்லி, வாசலில் நின்று இன்னும் ஒரு மணி நேரம். எதற்காகக் கூப்பிடுகிறாய் என்று எனக்குப் புரியவே இல்லையே, மாப்பிள்ளை. சும்மா வா என்று நீயும் ஒருநாள் சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் கிண்டல் செய்திருப்பேன்.

வண்டி இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. மேகலா மறுநாளே ஆவடிக்கு எடுத்துப் போனாள். ராத்திரி தூக்கம் வருகிறது என்றாள். எனக்கு அது போதும்.

இனி புதன்கிழமைதோறும் கள்ளிக்குப்பம் வருவேன். மழை பெய்தாலும் வருவேன். வண்டியில் வேலை இருக்கிறதா என்று கேட்க மாட்டேன், உன் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டுப் போவேன். ஒருநாள் அங்கே உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் அழுகை வரும் என்று நினைக்கிறேன். வந்தால் அடக்க மாட்டேன்.

பார்க்கக் கூப்பிட்டும் வராத,
உன் மச்சான்
பரணி